4440 போர்டுக்கு 16 வோல்ட்டா, 25-ஆ, 63-ஆ?

12-0-12 டிரான்ஸ்பார்மரும் (நடுக்கம்பிக்கு இருபுறமும் 12 வோல்ட் தருவது) 4440 ஆம்ப் ஐசி போர்டும் வைத்து வீட்டிலேயே ஆம்ப் செய்கிறவர்கள் வேலூர்ப் பக்கம் நிறைய. சப்ளையைச் சீராக்கும் பில்டர் கெப்பாசிட்டர் வாங்கும்போதுதான், எத்தனை வோல்ட் தாங்குவதை வாங்குவது என்று குழப்பம்.

12 வோல்ட்தானே, 16 போதாதா என்று தோன்றும். போதாது. டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 12 ஏசி அளவு. கெப்பாசிட்டரில் ஏறுவது அதன் உச்சம்: 12-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 17. ஏசியை டிசி ஆக்கும் டயோடு 0.7 தின்ற பிறகும் 16.3. அதுவும் லைன் சரியாக 230 இருந்தால். ஊர் அடங்கியபின் லைன் 250-ஐத் தொட்டு, பாட்டும் ஓடாமல் ஆம்ப் சும்மா இருந்தால் மீட்டர் 19, 20 காட்டும். 16 வோல்ட் கெப்பாசிட்டர் சூடேறி, மேலே கீறல் போட்ட தகரம் உப்பி, கடைசியில் கசியும். அப்படியானால் சில போர்டில் ஏன் 16 இருக்கிறது? 4440 கார் ஸ்டீரியோவுக்குச் செய்த ஐசி. ஓடுகிற வண்டியில் சுமார் 14 வோல்ட்தான்.

சொல்லப்போனால் ஐசிக்கே இயக்க எல்லை 18 வோல்ட். அதனால் 9-0-9 போடுவதுதான் என் விருப்பம். சத்தம் கொஞ்சம் குறையும், ஐசி பிழைக்கும். அங்கே 16 தாங்கிவிடும், ஆனாலும் நான் 25-தான் போடுவேன்.

12-0-12 என்றால் 25 குறைந்தபட்சம், 35 நிம்மதி. 63 போட்டால் பாஸ் குறையும், முழுசாக சார்ஜ் ஆகாது என்பதெல்லாம் கட்டுக்கதை. 2200 மைக்ரோபேரட் எந்த ரேட்டிங்கிலும் 2200-தான். ஆனால் உருவம் பெருக்கும், போர்டில் கால் பொருந்தாது, காசும் கூட.

அந்தக் காசுக்கு 85 டிகிரி சூடு வரை தாங்குவதை விட்டு 105 டிகிரி தாங்குவதை வாங்கலாம். கெப்பாசிட்டரின் சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். மே மாதத்தில் வெளியிலேயே 40-ஐத் தாண்டுகிற ஊரில், மூடிய பலகைப் பெட்டிக்குள், ஐசியின் சூட்டை இழுக்கும் ஹீட் சிங்கை ஒட்டி நிற்கிற கெப்பாசிட்டரின் கதியை யோசித்துப் பாருங்கள். 85 டிகிரி போட்ட 63-ஐவிட 105 டிகிரி போட்ட 35 எவ்வளவோ மேல்.

ஸ்பீக்கருக்குப் போகும் 1000 மைக்ரோபேரட் கெப்பாசிட்டரில் சப்ளை வோல்ட்டில் பாதிதான் நிற்கும், 16 ஓடும். ஆனால் ஐசி ஷார்ட் ஆனால் முழு சப்ளையும் அதன்மேல் விழலாம், அதனால் அங்கேயும் 25. இன்புட்டில் வரும் 4.7 மைக்ரோபேரடுக்கு மண்டையை உடைக்க வேண்டாம். கடையில் பெரும்பாலும் 50 வோல்ட்தான் கிடைக்கும், அதையே போடுங்கள்.