அமிலம் ஊற்றி எழுப்பிய 1913-எஸ் பஃபலோ நிக்கல்: 215 டாலர் தண்டம்

வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன், முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஐந்து சென்ட் காசுக்கு 215 டாலர் கொடுத்தேன். வந்தது ஆசிட் டேட், அதாவது தேய்ந்துபோன வருஷத்தை அமிலம் ஊற்றி எழுப்பிய காசு.

வாங்கிய இடம் எல்லாரும் போகிற மாதிரியான ஓர் ஆன்லைன் ஏலத் தளம். விற்றவர் பழைய அமெரிக்கக் காசு மட்டுமே விற்கிற தனி ஆள். தலைப்பில் 1913-எஸ் டைப் 2 (எஸ் என்றால் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்தது, டைப் 2 பற்றிக் கீழே), தேதி முழுசாகத் தெரிகிறது என்று போட்டிருந்தார். படத்தில் தேதி தெரிந்தது, ஆனால் மஞ்சள் வெளிச்சம், கொஞ்சம் கலங்கல். "தேதி இயற்கையானதா?" என்று கேட்டேன். பத்தே நிமிடத்தில் பதில்: "ஆமாம், பழைய ஆல்பத்திலிருந்து எடுத்தது, யாரும் கை வைக்காத காசு." அந்தப் பத்து நிமிடத்தில்தான் விழுந்தேன். அவ்வளவு வேகமாகப் பதில் சொல்கிறவன் பொய் சொல்ல மாட்டான் என்று எந்த முட்டாள்தனத்தில் நினைத்தேனோ.

இந்தக் காசில் ஏன் இந்த வேலை நடக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர் வடிவமைத்த பஃபலோ நிக்கல் 1913 முதல் 1938 வரை வந்தது. வருஷத்தை அமெரிக்கப் பூர்வகுடித் தலையின் தோளில், மேடான இடத்தில் வைத்துவிட்டார்கள். புழக்கத்தில் அது சீக்கிரம் தேய்ந்துவிடும். 1913 நடுவிலேயே பின்பக்கத்தை மாற்றி, எருமை நின்ற மேட்டை வெட்டி "ஃபைவ் சென்ட்ஸ்" எழுத்தைப் பள்ளத்தில் இறக்கினார்கள். அதுதான் டைப் 2. ஆனால் தேதியை அதே மேட்டிலேயே விட்டார்கள். அதனால் தேதியே இல்லாத நிக்கல் அங்கே கிலோ கணக்கில் கிடைக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் அடித்த 1913-எஸ் டைப் 2 மொத்தமே 12 லட்சத்துச் சொச்சம், 1926-எஸ் பத்து லட்சத்துக்கும் குறைவு. தேதி தேய்ந்த குவியலில் பின்பக்கம் "எஸ்" இருப்பதை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பார்க்கிறார்கள். அரிய வருஷம் சிக்கினால் என் மாதிரி ஒரு ஆள் தலையில் கட்டுவார்கள்.

சொட்டு என்பது ஃபெரிக் குளோரைடு. சர்க்யூட் போர்டு அரிக்கிற அதே திரவம். இந்தக் காசு 75 சதவீதம் செம்பு, 25 சதவீதம் நிக்கல். அச்சு அடிக்கும்போது எண் இருக்கும் இடமும் சுற்றியிருக்கும் இடமும் ஒரே அளவில் நசுங்குவதில்லை. மேலே தேய்ந்து வழவழவென்று ஆனாலும் அந்த வித்தியாசம் உள்ளே நிற்கும். அமிலம் அரிக்கிற வேகம் இரண்டு இடத்திலும் மாறுவதால் எண் நிழல் போல மேலே வரும். ராவி அழித்த துப்பாக்கி எண்ணைப் போலீஸ் தடயவியலில் மீட்பதும் இதே சூட்சுமம்தான். சில பேர் வினிகரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். அதில் காசு முழுக்கச் சிவந்த பழுப்பாகிவிடும்.

வருஷம் தெரியும், சரி. ஆனால் அந்த இடத்து உலோகத் தோல் போய்விட்டது, திரும்ப வராது. சேகரிப்பாளர் காசு கொடுப்பது கலையாத பரப்புக்கு. அரித்த காசுக்குத் தரமதிப்பீட்டு நிறுவனங்களிடம் வழக்கமான தர எண் கிடைக்காது, "சேதம்" என்ற முத்திரைதான். சில நாளில் எண் மங்கவும் செய்யும். மறுபடி சொட்டு விட்டால் முதல் தடவை அளவுக்கு எழும்பாது, பள்ளம் மட்டும் ஆழமாகும்.

வந்த காசைக் கவரில் போட்டு வைத்துவிட்டேன், என் தப்பு. பதினேழாம் நாள் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். தேதியைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறத்தில் வட்டமாக ஒரு திட்டு, சொட்டு விழுந்த அதே வடிவம். உள்ளே மணல் போலச் சொரசொரப்பு. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் "1913" நிழலே விழவில்லை, எண்ணுக்கு உயரமே கிடையாது. பின்பக்கம் எருமையின் கொம்பு முழுக்கத் தேய்ந்திருக்கிறது, ஓரம் எழுத்தோடு கலந்திருக்கிறது. அந்த அளவு தேய்ந்த காசில் தேதி எப்படி முழுசாக இருக்கும்? இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

விற்றவரிடம் கேட்டால், "திருப்பி அனுப்பும் 14 நாள் முடிந்துவிட்டது." படம் அனுப்பினேன். "உங்கள் கையில் இருந்தபோது நீங்கள் என்ன ஊற்றினீர்களோ." தளத்தில் புகார் கொடுத்தேன். "விவரத்தில் 1913-எஸ், வந்ததும் 1913-எஸ், வேறுபாடு இல்லை" என்று மூடிவிட்டார்கள். கொடுமை என்னவென்றால் அது உண்மை. வருஷத்தில் பொய் இல்லை, 215 டாலரில்தான் பொய். பழைய காசுக்கடையில் காட்டினேன், கடைக்காரர் 30 டாலர் தருகிறேன் என்றார், அதுவும் தயங்கித் தயங்கி.

சேகரிப்பு ஆல்பத்தில் அந்த வருஷத்துக்கான ஓட்டையை நிரப்ப, ஆசிட் டேட் என்று சொல்லி மலிவாக விற்றால் எனக்கு அதில் சண்டையே இல்லை. சொல்லாமல் விற்பதுதான் திருட்டு.

விரிவாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்: தேதிப் பகுதியைச் சாய்வெளிச்சத்தில் தனியாகப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள், மழுப்பினால் விடுங்கள். கொம்பு இல்லை, ஓரமும் எழுத்தோடு கலந்துவிட்டது, தேதி மட்டும் முழுசாக இருக்கிறது என்றால் வாங்காதீர்கள். காசு வந்த அன்றே லென்ஸில் பாருங்கள்.

உங்களிடம் தேதி இல்லாத காசு இருந்தால் நீங்களும் சொட்டு விடாதீர்கள். எருமை மேட்டின்மேல் நின்றால் அது 1913 தவிர வேறு வருஷமாக இருக்க முடியாது, அமிலமே வேண்டாம். வெள்ளியில் வந்த ஸ்டாண்டிங் லிபர்ட்டி குவார்ட்டர் என்ற 25 சென்ட் காசிலும் இதே தொல்லை. 1925-இல்தான் தேதியைப் பள்ளத்தில் இறக்கினார்கள். அதில் 1916 வெறும் 52,000 தான் அடித்தது, கூந்தலையும் ஆடை மடிப்பையும் வைத்தே கண்டுபிடித்துவிடலாம், தேதி இல்லாமலே நல்ல விலை போகும். அதில் போய் அமிலத்தை ஊற்றிக் கெடுக்காதீர்கள்.

கார்டு கம்பெனியில் டிஸ்பியூட் போட்டிருக்கிறேன், இன்று நான்காம் நாள், பதில் இல்லை. கடைசி "3" இப்போதே மங்க ஆரம்பித்துவிட்டது.