கிராஸ் கன்ட்ரியா, பயத்லானா? ரெண்டு சீசன் பாத்த ஒரு அம்மாவோட கணக்கு

பொண்ணுக்கு 12 வயசு முடியறப்ப ஸ்கீ கிளப்ல கேட்டாங்க, அடுத்த சீசனும் கிராஸ் கன்ட்ரி (பனில நீண்ட தூர ஸ்கீ ஓட்டம்) குரூப்லயே இருக்காளா இல்ல பயத்லான் (ஸ்கீ ஓட்டத்துக்கு நடுவுல துப்பாக்கியும் சுடற போட்டி) பக்கம் வர்றாளான்னு. யோசிக்க ஒரு வாரம்தான் டைம். நாங்க பயத்லான்னு சொல்லிட்டோம். ரெண்டு சீசன் ஓடிருச்சு, இப்ப அதே கேள்விய தூக்கிட்டு நாலஞ்சு பேரு என்கிட்ட வர்றாங்க, ஒவ்வொருத்தருக்கும் மொதல்லேர்ந்து சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன். நான் பயத்லான் பக்கம் சாய்ஞ்சவ, அத மனசுல வச்சுட்டே படிங்க.

எல்லாருக்கும் தெரிஞ்சத வேகமா தாண்டிடலாம். ரெண்டுலயும் மூச்சு வாங்கும், ரெண்டுக்கும் பனி வேணும், ரெண்டுலயும் கோடைல ரோலர் ஸ்கீ (சக்கரம் வச்ச ஸ்கீ), ஓட்டம், ஸ்ட்ரென்த் எல்லாம் உண்டு. ட்ரெயினிங் நேரத்துல பெரும்பங்கு பேசிக்கிட்டே போற மாதிரி மெதுவான லாங் டிஸ்டன்ஸ்தான், அது ரெண்டு குரூப்புக்கும் ஒண்ணே. எங்க கிளப்ல அந்த செஷனுக்கு ரெண்டு குரூப்பும் சேர்ந்துதான் கிளம்பும்.

வித்தியாசம் ஆரம்பிக்கறது ஸ்கீலதான். கிராஸ் கன்ட்ரில கிளாசிக் (ரெண்டு ஸ்கீயும் நேரா தடத்துல போறது), ஸ்கேட் (ஐஸ் ஸ்கேட்டிங் மாதிரி பக்கவாட்டுல தள்ளிப் போறது) ரெண்டு ஸ்டைலும் வேணும். பயத்லான்ல எல்லா ரேசும் ஸ்கேட் மட்டும். கேக்கறப்ப சின்ன விஷயமா தெரியும், ஆனா கிளாசிக்னா தனி ஸ்கீ, தனி பூட், ஸ்கேட் போல்ஸவிட குட்டையான தனி போல்ஸ், அதாவது கைல ஊன்றற கம்பு (எஃப்ஐஎஸ்ங்கற உலக ஸ்கீ சங்கத்தோட ரூல்படி கிளாசிக் போல் நம்ம உயரத்துல 83 சதவீதத்த தாண்டக்கூடாது), அப்பறம் மேடு ஏறறப்ப வழுக்காம இருக்க ஸ்கீ அடில தடவற கிரிப் வேக்ஸ். இந்த கிரிப் வேக்ஸ்தான் வீட்டுல சண்டைய மூட்டற ஆளு. ஸ்கேட் ஸ்கீக்கு வழுக்கி ஓட கிளைட் வேக்ஸ் போட்டு, சொரண்டி, பிரஷ் அடிச்சா முடிஞ்சுது, 2023-24 சீசன்லேர்ந்து எஃப்ஐஎஸ், ஐபியூ (உலக பயத்லான் சங்கம்) ரெண்டுமே ஃப்ளூரின் கலந்த ஃப்ளூரோ வேக்ஸ முழுசா தடை பண்ணினதுக்கு அப்பறம் அதுலயும் தலைவலி கொறஞ்சிருக்கு. கிளாசிக்ல அப்படி இல்ல. குளிர் நல்லா நிலையா இருந்தா பிரச்சினையே இல்ல, பூஜ்யம் டிகிரில புதுப்பனி விழுந்துட்டு இருந்தா பாருங்க, ஒரு கோட்டிங் கம்மின்னா மேட்டுல கால் பின்னாடி வழுக்கும், ஒரு கோட்டிங் ஜாஸ்தின்னா அடில பனி கட்டி கட்டியா ஒட்டிக்கிட்டு பொண்ணு ஹை ஹீல்ஸ் போட்ட மாதிரி நடந்து வருவா. பனி உருகி மறுபடி ஐஸானா கிளிஸ்டர்னு பசை மாதிரி ஒரு வேக்ஸ், அது ஒரு தடவ விரல்ல ஒட்டுச்சுன்னா கார் கதவு, ஜிப்பு, தலைமுடின்னு எல்லா எடத்துக்கும் போய்ச் சேரும். அடில ரோமப் பட்டை ஒட்டின ஸ்கின் ஸ்கீ வந்ததுக்கு அப்பறம் ட்ரெயினிங்குக்கு இது எவ்வளவோ பரவால்ல, ரேஸ்னு வந்தா வேக்ஸ் போட்டவன்தான் முன்னாடி போறான் பல நாள்ல.

அப்ப பயத்லான் லேசான்னா இல்ல. வேக்ஸ் பெட்டி ஒண்ணு கொறஞ்ச எடத்துல ரைஃபிள் பெட்டி வந்து உக்காந்துக்கும். பெரியவங்க ரூல்ல பாயின்ட் 22 எல்ஆர்ங்கற சின்ன குண்டு போடற ரைஃபிள், குண்டு இல்லாம கொறஞ்சது 3.5 கிலோ, 50 மீட்டர் தூரம், அஞ்சு டார்கெட். படுத்து சுடறப்ப 45 மில்லிமீட்டர், நின்னு சுடறப்ப 115 மில்லிமீட்டர். ஸ்கோப்புன்னு எதுவும் கெடையாது, வளையத்துக்குள்ள வளையம் வச்சு வெறுங்கண்ணால பாக்கறதுதான். 40 கிலோ பொண்ணு முதுகுல 3.5 கிலோன்னா கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு, அதனாலதான் பல எடத்துல சின்னப் பசங்கள தூக்கிட்டு ஓட விடறதில்ல, ரைஃபிள் ரேஞ்சுலயே ஸ்டாண்டுல நிக்கும், இவங்க வந்து எடுத்து சுட்டுட்டு வச்சுட்டு போவாங்க. எங்க பொண்ணு மொத சீசன் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், போன சீசன்தான் பாயின்ட் 22. முதுகுல மாட்டிட்டு ஓடறது இன்னும் ஆரம்பிக்கல, அதனால அந்த வெயிட் முதுகையும் தோளையும் என்ன பண்ணும்னு நான் பாடம் எடுக்க மாட்டேன்.

சேஃப்டிய பத்தி எல்லாரும் கேக்கறாங்க. என் கண்ணுல பட்ட வரைக்கும் பசங்க நம்மளவிட ஒழுங்கு. சுட்டு முடிச்சா போல்ட் (குண்டு போற எடத்த மூடற பாகம்) தொறந்து வைக்கணும், முனை எப்பவும் டார்கெட் பக்கம், மீறினா ரேஸ் காலி. எனக்கு தொல்லை குடுத்தது வேற: குளிர்லேர்ந்து ரைஃபிள கொண்டாந்து நேரா சூடான ரூம்ல பெட்டிய தொறந்தா இரும்பு மேல பூரா வேர்த்து கொட்டும். மொத வாரம் எனக்கு தெரியல, மறுநாள் பேரல்ல (துப்பாக்கி குழல்ல) பழுப்பா லேசா ஒரு படலம். கோச் ஒண்ணும் திட்டல, துணியும் எண்ணெயும் என் கைல குடுத்துட்டு போய்ட்டார். இப்ப பெட்டிய மூடியே வச்சு மெதுவா சூடேற விட்டு அப்பறம்தான் தொறக்கறது.

சரி, முடிவ தீர்மானிச்ச விஷயத்துக்கு வர்றேன். டிரை ஃபயர். குண்டே இல்லாம வீட்டுல சுட்டு பழகறது. பயத்லான்னா ரேஞ்சுல டமால் டமால்னு சுடறதுன்னு நெனச்சுட்டு இருந்தேன், கோச் மொத மீட்டிங்லயே சொல்லிட்டார், ரேஞ்சுல நடக்கறது பரீட்சை, படிப்பு வீட்டுலன்னு. எங்க வீட்டுல இப்படித்தான்: ஹால் சுவத்துல ஒரு வெள்ள பேப்பர், அதுல வரிசையா அஞ்சு கருப்பு புள்ளி. 50 மீட்டர 5 மீட்டரா சுருக்கினா எல்லாமே பத்துல ஒண்ணு, அதனால படுத்து சுட 4.5 மில்லிமீட்டர் புள்ளி, நின்னு சுட 11.5. குண்டு வேற ரூம்ல பூட்டி இருக்கும், சேம்பர் (ரைஃபிள்ல குண்டு உக்கார்ற எடம்) காலியான்னு அவ ஒரு தடவ பாப்பா நான் ஒரு தடவ பாப்பேன், அப்பறம் 15 நிமிஷம். மூச்ச விட்டு, பாதில நிறுத்தி, வளையம் நடுவுல புள்ளி வந்து நிக்கற வரைக்கும் காத்திருந்து, டிரிகர மெதுவா அமுக்கி, கிளிக் ஆனதுக்கு அப்பறமும் ஒரு நொடி அப்படியே இருக்கணும். பேரல் மேல ஒரு நாணயத்த வச்சுடுவேன், டிரிகர் இழுக்கறப்ப அது விழுந்துச்சுன்னா அந்த ஷாட் கணக்குல இல்ல. மொத மாசம் ராத்திரி பூரா ஹால்ல நாணயம் விழற சத்தம்தான். "அம்மா, நீ மூச்சு விடறதுலதான் விழுந்துச்சு"ன்னு என் மேலயே பழி.

இத ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, 12லேர்ந்து 15 வயசு வரைக்கும் ஸ்கீ வேகத்துல பாதி யாரு மொதல்ல வளர்றாங்கங்கறதுதான். எங்க பொண்ணோட செட்ல ஒருத்தி இவளவிட ஒரு தலை உயரம், ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ரெண்டடி கூட போறா, அதுக்கு எந்த ட்ரெயினிங்காலயும் இப்போதைக்கு பதில் சொல்ல முடியாது. கிராஸ் கன்ட்ரில இருந்த கடைசி சீசன் பூரா எங்க பொண்ணு பட்டியல்ல கீழதான் இருந்தா, ரேஸ் முடிஞ்சு கார்ல ஒரு வார்த்த பேசாம வருவா. டிரிகருக்கு உயரம் தெரியாது. பெரும்பாலான ரேஸ்ல ஒரு ஷாட் தப்பினா தண்டனையா பெனால்டி லூப்ல கூடுதலா ஒரு சுத்து, பெரியவங்களுக்கு அது 150 மீட்டர், சின்னவங்களுக்கு பல ரேஸ்ல அதவிட சின்னது, எப்படியும் அந்த உயரமான பொண்ணு மூணு தடவ தப்பிட்டு மூணு சுத்து சுத்திட்டு இருக்கறப்ப எங்கவ ஒரு சுத்தோட வெளிய போய்ட்டா, ரெண்டு பேரும் ஒண்ணா முடிக்கறாங்க. தெனம் 15 நிமிஷம் உக்காந்ததுக்கு இது கெடச்ச கூலி, லேட்டா வளர்ற பசங்கள ஸ்போர்ட்டுக்குள்ளயே பிடிச்சு வைக்க இதவிட நல்ல வழி நான் பாக்கல.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. பாயின்ட் 22 ரைஃபிள்ல மொத ரேஸ், படுத்து சுட்டது அஞ்சுக்கு அஞ்சும் தப்பு. அஞ்சு சுத்து. ஜனங்க எல்லாம் பாக்கறாங்க, இவ மட்டும் அந்த வட்டத்துல சுத்திட்டே இருக்கா, எனக்கு வேலிய தாண்டி போய் தூக்கிட்டு வந்துடலாம் போல இருந்துச்சு. அப்பறம் கோச் டெலஸ்கோப்ல பாத்தத சொன்னார்: அஞ்சு டார்கெட்லயும் குண்டு ஒரே எடத்துல, வலது ஓரத்துல விழுந்திருக்கு. அதாவது கை சுத்தம், சைட் (குறி பாக்கற வளையம்) வச்ச அளவுதான் தப்பு. ரேஸுக்கு முன்ன ஸீரோ பண்றப்ப (சுட்டுப் பாத்து சைட்ட சரி பண்றது) காத்தே இல்லாம கொடி தொங்கிட்டு இருந்துச்சு, ரேஸ்ல இடது பக்கத்துலேர்ந்து காத்து, சைட் திருகாணிய ரெண்டு மூணு கிளிக் திருப்பியிருந்தா போதும். அன்னிலேர்ந்து சுடற பாய்ல படுக்கறதுக்கு முன்னாடி மொதல்ல கொடிய பாக்கறா. கிராஸ் கன்ட்ரில இந்த மாதிரி ஒரே நிமிஷத்துல மொத்த ரேசும் கவுந்து போறது அபூர்வம், அத தாங்க முடியாத பசங்களும் இருக்காங்க, அவங்கள இங்க இழுத்து வராதீங்க.

கிராஸ் கன்ட்ரிக்கு ஆதரவா வர்ற பெரிய வாதம், மொதல்ல ஸ்கீய கத்துக்கட்டும் துப்பாக்கி அப்பறம் பாத்துக்கலாம்ங்கறது. உதாரணமும் இருக்கு. ஜெர்மனியோட டெனிஸ் ஹெர்மன் 2014 சோச்சில கிராஸ் கன்ட்ரி ரிலேல வெண்கலம் வாங்கினவங்க, 2016ல பயத்லானுக்கு மாறி 2022 பெய்ஜிங்ல 15 கிலோமீட்டர் இண்டிவிஜுவல் (தனிநபர்) ரேஸ்ல தங்கம். ஸ்வீடனோட ஸ்டினா நில்சன் 2018ல கிராஸ் கன்ட்ரி ஸ்பிரின்ட்ல ஒலிம்பிக் தங்கம் வாங்கிட்டு 2020ல மாறினாங்க. ஆக லேட்டா வந்தாலும் கதவு மூடிடல, இத நான் மறுக்கல. ஆனா இவங்க எல்லாம் ஸ்கீல உலகத்துலயே முன்வரிசை, அந்த வேகம் இருந்தா எந்த வயசுலயும் மாறலாம். நம்ம பசங்க பட்டியல்ல நடுவுல இருக்கறவங்க.

பயத்லான் வேணாம்னு நானே சொல்றது ரெண்டு பேருக்கு. ரேஞ்சுக்கு வாரத்துல ரெண்டு தடவயாவது போய் வர முடியாதவங்களுக்கு; ட்ராக் எங்க வேணா இருக்கும், ரேஞ்ச் அப்படி இல்ல. அப்பறம் வீட்டுல அந்த 15 நிமிஷம் கூட உக்கார ஆள் இல்லாதவங்களுக்கு. ரைஃபிள வீட்டுக்கு கொண்டு வர சட்டம் விடாத எடமா இருந்தா டிரை ஃபயருக்கும் கிளப்புக்கே போகணும், அந்த டைமையும் சேத்து கணக்கு போட்டுக்கங்க.

கிளாசிக் ஸ்கீய நாங்க விக்கல. வாரத்துல ஒரு நாள் லாங் டிஸ்டன்ஸுக்கு அத மாட்டிட்டு பழைய குரூப்போட போறா. ஸ்கின் ஸ்கீதான், கிளிஸ்டர் டியூப மட்டும் நான் யாருக்கோ குடுத்துட்டேன்.