டீசல் கேம்பிறிட்ஜில் ஸ்மித்ஸ் ஆர்பிஎம் மீற்றர்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

ஒஸ்ரின் ஏ60 கேம்பிறிட்ஜ், எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீற்றர் இல்லாமல் வந்த கார். 1622 சிசி பெற்றோல் எஞ்சினின் சத்தத்தைக் காதால் கேட்டே அந்தக் காலத்தவர்கள் கியர் மாற்றினார்கள். எங்கள் காரில் இப்போது ஓடுவது ரொயோற்றா 2சி டீசல். அது 1500 சுற்றிலும் உறுமும், 3000 சுற்றிலும் உறுமும். பழைய கதவு றப்பர்களுக்குள்ளால் வரும் சத்தத்தில் வித்தியாசம் பிடிபடாது. அதனால் 2021 இல் ஸ்மித்ஸ் மீற்றர் ஒன்றை வாங்கி, உள்ளே மாற்றம் செய்து பூட்டினேன். அன்று தொடக்கம் அதைப் பார்த்துத்தான் ஓடுகிறேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்: நான் செய்த முறையில் ஊசி எஞ்சினை எண்ணுவதில்லை, பற்றறியைச் சார்ஜ் பண்ணும் அல்ரனேற்றரை எண்ணுகிறது. இந்த மீற்றரின் நன்மை தீமை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

டீசல் எப்படி வந்தது என்பது யாழ்ப்பாணத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வெளியில் உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோல் கிடைப்பது அரிது. காபரேற்றரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில்தான் கார்கள் ஓடின. முழுதாய் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். பிஸ்ரன் வளையங்களும் பெயாரிங்குகளும் தேயும். எங்கள் எஞ்சினும் அப்படித்தான் போனது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து யப்பான் எஞ்சின்கள் வந்தன. அப்பா 2சி யை அதன் கியர்பெட்டியோடு சேர்த்து வாங்கிப் போட்டார். டிபரென்சியல் மட்டும் பழைய ஒஸ்ரினுடையதுதான்.

மீற்றரை வாங்கியது கொழும்பு பஞ்சிகாவத்தையில். பழைய ஸ்மித்ஸ் மீற்றர் தேடுபவர்கள் முகப்பில் அடியில் பொடி எழுத்தில் உள்ள குறியைப் பாருங்கள். ‘ஆர்விஐ’ (RVI) என்று தொடங்கினால் அது மின்னோட்டத்தை உணரும் வகை. பெற்றோல் எஞ்சினில் தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கொயிலுக்குப் போகும் வயர் மீற்றரின் முதுகில் ஒரு வளையமாகச் சுற்றிப் போகும்; அந்த வயரில் ஓட்டம் வெட்டி வெட்டி வருவதை அது எண்ணும். டீசலில் கொயிலே இல்லை, ஆகவே அந்த வகை நமக்கு உதவாது. ‘ஆர்விசி’ (RVC) என்று இருந்தால் கொயிலின் மைனஸ் பக்கத்தில் வரும் வோல்ற்றேஜ் துடிப்பை எண்ணும் வகை. எழுபதுகளின் எம்ஜிபி கார்களில் வந்தது இதுதான். இதை மாற்றியமைக்கலாம். ‘நெகற்றிவ் எர்த்’ என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கேம்பிறிட்ஜ் கார் பிறந்தபோது பற்றறியின் பிளஸ் தான் காரின் இரும்புப் பொடியில், அதாவது எர்த்தில், பூட்டப்பட்டிருந்தது. யப்பான் அல்ரனேற்றர் போட்ட காரில் அது மைனஸ் ஆக மாறியிருக்கும். இரண்டும் பொருந்தாமல் கொடுத்தால் உள்ளே உள்ள சுற்று எரிந்துபோகும்.

இனிக் கணக்கு. நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி. அந்த இரண்டை எண்ணத்தான் என் மீற்றர் செய்யப்பட்டது. டீசலில் தீப்பொறிக்குப் பதிலாக நமக்குக் கிடைப்பது அல்ரனேற்றரின் டபிள்யூ முனை. ஓட்டத்தை ஒரு திசைக்கு ஆக்கும் டயோட்டுகளுக்கு முன்னால், மூன்று சுருள்களில் ஒன்றிலிருந்து எடுக்கும் வயர் அது. என் அல்ரனேற்றரில் அந்த முனை வெளியே இல்லை. பிரித்து, சுருளில் ஈயம் வைத்து ஒரு வயரை வெளியே எடுத்தோம். அதன் பக்கத்திலேயே ஒரு சிறு பியூஸ் போடுங்கள், வயர் எங்காவது உரசிப் பொடியில் முட்டினால் சுருள் தப்பும். அல்ரனேற்றரின் காந்தத்தில் பன்னிரண்டு முனைகள், அதாவது ஆறு சோடி. ஆகவே அது ஒரு தரம் சுற்றினால் ஆறு துடிப்பு. எஞ்சின் தண்டில் உள்ள கிராங்க் புல்லி பெரிது, அல்ரனேற்றர் புல்லி சிறிது. இரண்டிலும் சோக்கட்டியால் கோடு போட்டு, கிராங்கை ஸ்பனரால் பத்துத் தரம் சுற்றிப் பார்த்தபோது அல்ரனேற்றர் 21 தரம் சுற்றியது. 2.1 ஐ ஆறால் பெருக்கினால் 12.6. மீற்றர் எதிர்பார்ப்பது 2, நாங்கள் கொடுப்பது 12.6.

இந்த இடத்தில்தான் பலர் நேரே வயரைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மீற்றர் பழுது என்று தூக்கி வைக்கிறார்கள். பழுது இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரே நீளமான ஒரு சிறு மின்னோட்டத்தை இந்த மீற்றர் ஊசிச் சுருளுக்கு அனுப்பும். துடிப்பு அடிக்கடி வந்தால் சராசரி ஓட்டம் கூடும், ஊசி ஏறும். நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் 7000 சுற்றில் ஓடும்போதுகூட இரண்டு துடிப்புக்கு இடையில் 4.3 மில்லிசெக்கன் இருக்கும். என் அல்ரனேற்றரோ 4700 சுற்றில் செக்கனுக்குக் கிட்டத்தட்ட 990 துடிப்புத் தருகிறது, இடைவெளி ஒரு மில்லிசெக்கன்தான். முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்த துடிப்பு வந்தால் மீற்றர் அதைக் காணாது. அப்போது ஊசி ஏறுவதும், ஓரிடத்தில் திடீரென்று விழுவதும், மறுபடி ஏறுவதுமாக நிற்கும்.

உள் வேலையைச் செய்து தந்தவர் கொக்குவிலில் றேடியோ திருத்தும் ஒரு முதியவர். மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, நேரத்தைப் பிடிக்கிறது இந்தக் கப்பாசிற்றரும் இந்த றெசிஸ்ரரும்தான். ரெண்டையும் பெருக்கி வாறதை ஆறில ஒண்டாக் குறைச்சா உமக்குச் சரி” என்றார். கப்பாசிற்றரை ஆறில் ஒரு பங்காக்கி, மிச்சத்தைச் சரிசெய்ய ஒரு திருகு றெசிஸ்ரர் வைத்தார். செராமிக் வேண்டாம், பொலியெஸ்ரர் போடுவோம் என்று அவரே சொன்னார். செராமிக்கில் பல வகைகள் சூட்டுக்கு அளவு மாறும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டாஷ்போட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டிலும் என் மீற்றரில் நான் கண்ணால் காணக்கூடிய மாற்றம் இல்லை. அந்த மனிதருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இன்னொரு மாற்றமும் தேவைப்பட்டது. கொயிலின் மைனஸ் பக்கத்தில் வரும் துடிப்பு இருநூறு, முந்நூறு வோல்ற் வரை உதைக்கும். டபிள்யூ முனையில் வருவது பற்றறி வோல்ற்றேஜ் அளவுதான். ஆகவே உள்நுழையும் வயரில் உள்ள பெரிய றெசிஸ்ரரைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊசி அசையாது. மீற்றரைத் திறக்க விருப்பமில்லாதவர்கள் 4017 என்ற எண்ணும் ஐசியை ஆறு துடிப்புக்கு ஒன்றாக வகுக்கும்படி வெளியே வைக்கலாம், மீற்றர் கைபடாமல் இருக்கும். நான் அதைத் தெரிவுசெய்யவில்லை. டாஷ்போட்டுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி, இன்னும் நாலு வயர் என்று போவதைவிட, கழற்றிய பழைய கப்பாசிற்றரை ஒரு உறையில் போட்டு மீற்றரின் முதுகில் ஒட்டிவைப்பது மேல் என்று நினைத்தேன். பிறகு யாராவது பழையபடி ஆக்க விரும்பினால் ஆக்கலாம்.

முகப்பை நான் தொடவில்லை. அது 7000 வரை போகிறது, என் டீசலுக்கு 4700 க்கு மேல் வேலையே இல்லை. 5000 வரை மட்டும் உள்ள புது முகப்பு அச்சடித்து ஒட்டச் சொன்னவர்கள் உண்டு, ஊசி அகலமாக அசையும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பழைய எழுத்தும் மெல்லிய வெள்ளைக் கோடுகளும் அழியும் என்றால் எனக்கு அந்த வசதி தேவையில்லை.

அளவு பிடித்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை இன்னொரு மலிவு மீற்றரை வைத்து ஒப்பிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த மீற்றர் சரியென்று யார் சொன்னது? முதலில் மேசையில் வைத்து, கைபேசியில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை ஒரு பழைய கசற் அம்பிளிபயரின் வழியாகக் கொடுத்தோம். என் கணக்குப்படி 315 ஹேர்ட்ஸ் கொடுத்தால் 1500, 630 கொடுத்தால் 3000. திருகை அதற்கேற்பத் திருப்பியாயிற்று. அதன் பிறகு காரில் பூட்டி, இரவில் ரியூப் லைற் வெளிச்சத்தில் பார்த்தேன். சோக் வைத்த பழைய ரியூப் லைற்றாக இருக்க வேண்டும், எல்ஈடி சரிவராது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், லைற் செக்கனுக்கு நூறு தரம் மின்னி மங்கும். கிராங்க் புல்லியைக் கறுப்பாக்கி ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தால், எஞ்சின் 1500 இல் ஓடும்போது நாலு புள்ளிகள் அசையாமல் நிற்பதாகத் தெரியும். 2000 இல் மூன்று, 3000 இல் இரண்டு. புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் நீங்கள் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கிறீர்கள் என்று பொருள். வெளிச்சம் முற்றாக அணைவதில்லை என்பதால் புள்ளியின் ஓரம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனாலும் எண்ணலாம். வீட்டு ஜெனரேற்றரில் இதைச் செய்ய வேண்டாம், அதன் ஹேர்ட்ஸ் ஒரு நிலையில் நிற்காது. சாரம் உடுத்திக்கொண்டு சுற்றும் எஞ்சின் பானுக்குப் பக்கத்தில் குனியவும் வேண்டாம்.

கடைசிச் சோதனை வீதியில். ரயர் ஒரு சுற்றுக்கு 1.95 மீற்றர் போகிறது, டிபரென்சியல் 4.3 க்கு 1, நாலாம் கியர் நேரடி. அப்படியென்றால் 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் 2200 இல் இருக்க வேண்டும். ஆனையிறவின் நேர் பாதையில் பக்கத்தில் இருந்தவர் கைபேசியின் ஜிபிஎஸ் வேகத்தைச் சொல்ல, ஊசியைப் பார்த்தேன். 2200 கோட்டில்தான் நின்றது. மூன்று வெவ்வேறு வழிகளும் ஒரே பதிலைத் தந்தால் அந்த மீற்றரை நம்பலாம்.

இனிப் பாவனை. இவ்வளவு காலத்தில் ஊசி பிழையாகக் காட்டிய எந்தத் தரமும் மீற்றரில் பிழை இருக்கவில்லை. கார்த்திகை மழையில் வைப்பர், ஹெட்லைற், புளோவர் எல்லாம் போட்டுக்கொண்டு கைதடிப் பாலத்தால் வரும்போது எஞ்சின் சத்தம் மாறாமல் ஊசி மட்டும் இருநூறு சுற்று இறங்கியது. அல்ரனேற்றரைச் சுற்றும் பெல்ற் வழுக்குகிறது. அல்ரனேற்றருக்குச் சுமை கூடினால் நனைந்த பெல்ற் பிடிக்காது. 2சி எஞ்சினில் பிறேக் பூஸ்ரருக்கான வக்கூம் பம்பும் அல்ரனேற்றரின் முதுகில்தான் இருக்கிறது. டீசலில் மனிபோல்ட்டில் வக்கூம் கிடைக்காது என்பதால் அந்தப் பம்ப். ஆகவே பெல்ற் போனால் சார்ஜ் மட்டுமல்ல, பிறேக்கின் உதவியும் போகும். ஊசி சொல்லியிராவிட்டால் அந்தப் பெல்ற்றை நான் இன்னும் சில மாதம் ஓட்டியிருப்பேன். இந்த ஒரு காரணத்துக்காகவே, இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து துடிப்பு எடுக்க வசதியுள்ள எஞ்சின் கிடைத்தாலும் நான் டபிள்யூ முனையைத்தான் தெரிவுசெய்வேன்.

காலையில் ஸ்ராட் பண்ணியதும் ஊசி பூச்சியத்தில் கிடந்து, அக்சிலரேற்றரை ஒரு தரம் அழுத்திய பிறகே துள்ளி எழும்பினால் சார்ஜ் லைற் பல்பைப் பாருங்கள். அல்ரனேற்றருக்குத் தொடக்கக் காந்தத்தைக் கொடுக்கும் மின்னோட்டம் அந்தப் பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்ப் எரிந்து பழுதாகிவிட்டால் எஞ்சின் மெல்ல ஓடும்போது அல்ரனேற்றர் விழித்தெழாது, ஊசிக்கும் செய்தி வராது.

அல்ரனேற்றர் மாற்றினால் புல்லியையும் கவனியுங்கள். எனக்கு மாற்றியபோது வந்ததில் புல்லி கொஞ்சம் சிறிது. வேலை செய்தவர் சார்ஜ் நன்றாக இருக்கிறது என்று காட்டினார், அது சரிதான். ஆனால் எஞ்சின் மெல்ல ஓடும்போது வழக்கமாக 750 காட்டும் ஊசி 800 ஐத் தாண்டி நின்றது. பழைய புல்லியை எடுத்து இதில் பூட்டினோம். அது முடியாதென்றால் திருகைத் திருப்ப வேண்டும். அதற்காகத்தான் மீற்றரின் முதுகில் ஸ்குறூட்றைவர் போகும் அளவு துளை ஒன்று போட்டு ரேப் ஒட்டி வைத்திருக்கிறேன். கடல்காற்று எர்த் வயர்களில் பச்சை பிடிக்கச் செய்யும். ஹெட்லைற் போட்டதும் ஊசி தளர்ந்தால் அநேகமாக அதுதான். மீற்றருக்குத் தனி எர்த் வயர் இழுத்து, முனையில் வாசலீன் பூசிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

ஓட்டத்தில் கிடைத்த பலன் பெரிது. 2022 இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் முறையில் அளந்து தந்த டீசலில் ஓடிய மாதங்களில் 1800 க்கும் 2200 க்கும் இடையில் ஊசியை வைத்திருக்கப் பழகினேன். அதற்குக் கீழே மேல் கியரில் அழுத்தினால் எஞ்சின் உதறும், கரும்புகை வரும். அதற்கு மேலே டீசல் சத்தமாகத்தான் போகும். அந்தப் பழக்கம் இன்னும் கை விடவில்லை.

மொறிஸ் மைனருக்கு நிசான் பெற்றோல் எஞ்சின் போட்டவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. அதுவும் நாலு சிலிண்டர்தான், நாலு சிலிண்டருக்கான ஆர்விசி மீற்றரைக் கொயிலின் மைனஸில் கொடுத்தால் அப்படியே ஓடும். ஆறு சிலிண்டர் மீற்றர் கையில் அகப்பட்டால் அது மூன்றில் இரண்டு பங்குதான் காட்டும். நேரம் பிடிக்கும் கப்பாசிற்றரை ஒன்றரை மடங்காக்க வேண்டும். அதைச் சோதிக்க ரியூப் லைற்றும் தேவையில்லை. 12 வோல்ற் ரான்ஸ்போமர் ஒன்றிலிருந்து 50 ஹேர்ட்ஸ் கொடுங்கள். மாற்றிய மீற்றர் 1500 காட்ட வேண்டும். 12 வோல்ற் துடிப்புக்கு ஊசி எழும்பாத மீற்றர் என்றால், நுழைவு றெசிஸ்ரரைச் சோதனை முடியும்வரை மட்டும் குறைத்துவிட்டு, கொயிலில் கொடுக்குமுன் பழையதைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.