பழைய சுங்குடியில் எனக்கென்று தைத்துக்கொண்ட போர்வை

போன வாரம் போர்வையின் ஓரப்பட்டியை முழுக்கப் பிரித்துவிட்டுப் புதுசு வைத்துத் தைத்தேன். அதைப் பார்த்த தோழி, மகளின் கிரகப்பிரவேசத்துக்கு இப்படி ஒன்று தைத்துக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

மேலே சுங்குடித் துண்டுகள், நடுவில் ஒரு பழைய வாயில் புடவை, அடியில் இன்னொரு சுங்குடி. பஞ்சு வைக்கவில்லை. அடித்துணிக்கு ஒரு புடவையே தாராளம். ஐந்தரை மீட்டரைச் சரிபாதியாக வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் டபுள் காட்டுக்கே காணும். சரிகைக் கரையைத் தயங்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள். கழுத்தில் உரசும், ஊசியும் சரியாக இறங்காது.

உடுத்தித் துவைத்து நைந்த பருத்தியின் சுகம் எந்தக் கடைப் போர்வையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. கோயம்புத்தூர் மார்கழிக்கு இது போதும், சித்திரையில் ஃபேனுக்கு அடியிலும் புழுங்குவதில்லை. துவைக்கத் துவைக்க ஓட்டுத் தையல் வரிகளுக்கு நடுவே துணி மெல்ல மேடுகட்டி, கைக்கு இன்னும் இதமாகிறது. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடி என்பதால் ஒரு புள்ளிபோல் இன்னொரு புள்ளி இல்லை. அச்சடித்து வரும் சுங்குடியில் அந்த அழகு வராது.

இனி, இத்தனை நாளும் என்னை எரிச்சல்படுத்தும் விஷயம். நனைந்தால் இதைத் தூக்க முடியாது. மூன்றடுக்குப் பருத்தியும் தண்ணீரைக் குடித்துவிட்டு அம்மிக்கல்போல் கனக்கும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இரண்டு பேர் முறுக்கிப் பிழிய வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொரு ஆள் அகப்படுவதே இல்லை. "கடையில வாங்குனா மெஷின்ல போட்டு எடுத்துறலாம், இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு" என்று மாடிப்படியில் நின்றபடி மகன் சொல்வான். ஒரு முனையைப் பிடிக்க வரமாட்டான். எனக்கு வருத்தமெல்லாம் அங்கேதான். போர்வையைப் பாராட்ட வேண்டாம், ஐந்து நிமிஷம் பிழியக் கூடவா ஆள் இல்லை?

இதற்கு முன் தைத்ததெல்லாம் சொந்தக்காரர்களுக்குப் போனது. நாத்தனார் வீட்டில் ஒன்று இஸ்திரி மேஜை விரிப்பாகிவிட்டது. நியாயமாகச் சொன்னால் அவர்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை, தேய்க்கவும் கெட்டித் துணி வேண்டும்தான். ஆனாலும் அந்தக் கருகிய தடத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. அதன் பிறகு தைத்ததுதான் இது, எனக்கு மட்டும்.

ஓரப்பட்டி நைந்தது கழுத்துப் பக்கம். அங்கேதான் தினமும் கை பட்டு இழுபடுகிறது. கர்நாடகத்தில் உத்தர கன்னடத்தில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் இந்தத் தொல்லையே இல்லை. துண்டுகளை மடித்து ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். தனியாகப் பட்டி கிடையாது. நான்கு மூலைக்கும் மடிப்பு மடிப்பாகத் துணிப்பூ வைப்பார்கள். பூ இல்லாத போர்வை அவர்களுக்கு முழுமையானதல்ல. மறைந்துபோகிற மூலைக்கும் அத்தனை மரியாதை.

தோழிக்குச் சொல்வது இதுதான். மகளுக்குத் தைக்காதே. நல்லதாக ஒரு மிக்ஸி வாங்கிக் கொடு, சந்தோஷமாக வாங்கிக்கொள்வாள். அவளே கேட்டு வந்தால் துணியை அவளையே வெட்டச் சொல், பாதியாவது அவள் தைக்கட்டும். வெறும் போர்வைதான் தேவை என்பவர்களுக்கும் இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். துவைக்கும் பாடு ஒன்றே போதும் வேண்டாம் என்று சொல்வதற்கு.

நான் அடுத்ததற்கு நீலக் கண்டாங்கி இரண்டை எடுத்துவைத்துவிட்டேன். இந்தமுறை கவந்தி மாதிரி ஓரத்திலிருந்து, நடுவில் வாயில் இல்லாமல் இரண்டே அடுக்கு. தனியாளாகப் பிழிய முடிய வேண்டும்.