வெள்ளாட்டுக்குத் தாது உப்பு: கட்டியா, தூளா, தழையா?

ஆடு சுவரை நக்குகிறது, மண்ணைத் தின்கிறது என்றால் உடனே கிடைக்கும் யோசனை, "ஒரு உப்புக் கட்டி வாங்கித் தொங்க விடு." அதற்கு முன்னால் குடற்புழு மருந்து கொடுத்து எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். புழு இருக்கும் ஆடும் மண் தின்னும்.

கட்டியில் வேலை குறைவு. ஆட்டின் தலை உயரத்தில், மழை படாத இடத்தில் கட்டிவிட்டால் போதும். காலையில் ஓட்டிப் போய் சாயங்காலம் திரும்பும் மேய்ச்சல் ஆட்டுக்குத் தீவனத் தொட்டியே இருக்காது. தூளை எதில் கலப்பது? அங்கே கட்டிதான் சரி. ஆனால் எந்த ஆடு எவ்வளவு நக்கியது என்று யாருக்கும் தெரியாது. முரட்டு ஆடு இடத்தைப் பிடித்துக்கொள்ளும், குட்டி ஒதுங்கி நிற்கும். அதனால் இரண்டு மூன்று இடத்தில் கட்டுங்கள். தனக்குத் துத்தநாகம் குறைகிறது என்று தெரிந்து ஆடு நக்குவதில்லை, உப்பு ருசிக்காகத்தான் நக்குகிறது. போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊரில் கட்டியை அது அவ்வளவாகச் சீண்டாது. மாட்டுக்கு விற்கும் கட்டி சிலவற்றில் யூரியா இருக்கும். அசை போடத் தொடங்காத குட்டிக்கு அது ஆகாது.

பரண் மேலோ கொட்டிலிலோ வளர்ப்பவர்களுக்கு என் ஓட்டு தூளுக்கு, அதாவது மினரல் மிக்சருக்கு. பெரிய ஆட்டுக்கு நாளைக்கு 10 கிராம், குட்டிக்கு 5 கிராம். தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம் 100 கிலோவில் 2 கிலோ தூள், 1 கிலோ உப்பு என்று கலப்பது வழக்கம். இதில் ஒரு கணக்கு தப்பிப்போகும். அரை கிலோ தீவனம் தின்னும் ஆட்டுக்கு 10 கிராம் போய்ச் சேரும். கால் கிலோ போட்டால் 5 கிராம்தான். தீவனத்தைக் குறைத்தால் தூளைக் கூட்ட வேண்டும்.

ஆனால் தூள் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாத இடம் ஒன்று உண்டு: பக்ரீத்துக்கும் கோயில் கொடைக்கும் கொழுக்க வைக்கும் கிடா. தீவனத்தில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு என்ற அளவில் இருப்பது நல்லது. அரிசித் தவிட்டிலும் கோதுமைத் தவிட்டிலும் இது தலைகீழ். பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். தவிட்டை அள்ளிப் போட்டால் சிறுநீர்ப் பாதையில் கல் சேரும். சின்ன வயதிலேயே காயடித்த கிடாவுக்குப் பாதை குறுகல் என்பதால் ஆபத்து இன்னும் கூடுதல். முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாக விட்டால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மாட்டுக்கென்று விற்கும் மினரல் மிக்சர் தூளில் பெரும்பாலும் கால்சியம் 20 சதவீதம், பாஸ்பரஸ் 12 சதவீதம். அதைக் கூட்டிப் போட்டால் பாஸ்பரஸும் சேர்ந்தே கூடும். இங்கே தேவை சுண்ணாம்புக்கல் தூளும் தாராளமாகத் தண்ணீரும்தான்.

இல்லாவிட்டால் தழை. அகத்தி, வேலிமசால், சூபாபுல் எல்லாவற்றிலும் கால்சியம் அதிகம், பாஸ்பரஸ் கம்மி. தவிடும் தழையும் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். ஆனால் தாமிரம், துத்தநாகம் எல்லாம் மண்ணில் இருந்தால்தான் தழையில் வரும். சூபாபுல் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி கொட்டும்.

வெறும் கல்லுப்பில் சோடியமும் குளோரைடும்தான், அயோடின் சேர்த்திருக்காது. சினை ஆட்டுக்கு அயோடின் போதாவிட்டால் குட்டி கழுத்தில் கழலையோடு பிறக்கும்.

செம்மறியும் வெள்ளாடும் ஒரே பட்டியில் நின்றால் கேள்வியே வேறு. மாட்டுத் தூளில் தாமிரம் 0.1 சதவீதம் என்று வைத்தால் 10 கிராமில் 10 மில்லிகிராம். வெள்ளாடு அதைத் தாங்கும். செம்மறிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேர்ந்து, ஒரு நாள் சிறுநீர் சிவந்து ஆடு சாய்ந்துவிடும். அதற்குப் பயந்து எல்லாவற்றுக்கும் தாமிரம் இல்லாத செம்மறித் தூளையே போட்டால் வெள்ளாடு அடிபடும்: சேலம் கருப்பின் முடி செம்பட்டையாகும், குட்டிகளின் பின்னங்கால் தள்ளாடும். பட்டியில் பொதுவாகத் தாமிரம் இல்லாத கட்டியைத் தொங்க விட்டு, வெள்ளாட்டை மட்டும் பிரித்துத் தொட்டியில் தூள் கொடுப்பதுதான் நான் சொல்லும் வழி.