8 அங்குலத் தொலைநோக்கியில் தெரிந்த தூசி: மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மதிப்புரை

8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை (எளிய அடித்தட்டில் வைத்துக் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) சனிக்கோளின் வளையத்தைக் காட்டி விற்கிறார்கள். ஓராண்டாக அதைப் பயன்படுத்தி வரும் நான், சென்டாரஸ் ஏ என்னும் முனைப்பான (மையக் கருவிலிருந்து பேராற்றலை வெளியிடும்) விண்மீன் திரளை அது காட்டும் விதத்தைக் கொண்டே அதை மதிப்பிடுகிறேன்.

1826-இல் வானியலாளர் ஜேம்ஸ் டன்லப் கண்டறிந்த அத்திரள் சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. மே நடுவில் இரவு 11 மணியளவில், எங்கள் தென்வானில் ஏறத்தாழ 42 பாகை உயரத்தில் நிற்கும். தெற்கே ஈப்போவின் வெளிச்சம் படர்வதால், நிலவில்லாத இரவில் செம்பனைத் தோட்டத்தின் உட்பகுதிக்குச் சென்றே பார்க்க வேண்டும். 25 மி.மீ. கண்வில்லையில் (48 மடங்கு உருப்பெருக்கம்) வட்டமான மங்கல் ஒளியும், அதைக் குறுக்கே பிளக்கும் கருமையான பட்டையும் தெரிந்தன. அப்பட்டை வெற்றிடமன்று, பின்னாலிருக்கும் ஒளியை மறைக்கும் தூசி. புகைமூட்டக் காலத்தில் நம் சூரியன் சிவந்து தெரிவதைப் போலவே, அத்துகள்களும் நீல ஒளியை மிகுதியாகத் தடுத்துச் சிவப்பை ஓரளவு கடக்க விடுகின்றன. உட்கொண்ட ஆற்றலால் சூடாகி, அகச்சிவப்புக் கதிராக அதைத் திருப்பி வெளியிடுகின்றன. அக்கதிரை இக்கருவியோ நம் கண்ணோ காணாது.

டிசம்பரில் எம் 77 என்னும் மற்றொரு முனைப்பான விண்மீன் திரளையும் பார்த்தேன். பிரகாசமான மையப்புள்ளி மட்டுமே தெரிந்தது. ஆனால் அதன் உண்மையான கரு தூசி வளையத்துக்குப் பின்னே மறைந்திருப்பதை, 1985-இல் வானியலாளர்கள் அன்டோனுச்சியும் மில்லரும் முனைவுற்ற ஒளியை (ஒரு குறிப்பிட்ட திசையில் மிகுதியாக அதிரும் ஒளியை) ஆராய்ந்து காட்டினர். வளையத்துக்கு வெளியே உள்ள எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறிய ஒளி, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல, மறைந்திருந்த அதிவேக வாயுவின் அடையாளத்தைக் கொண்டு வந்திருந்தது. அதை அறிந்த பிறகு அச்சிறு புள்ளியை நீண்ட நேரம் விட்டுப் பிரிய மனம் வரவில்லை.

குறைகளும் உண்டு. உடன் வரும் 10 மி.மீ. கண்வில்லை இத்தகைய மங்கலான பொருள்களுக்கு உதவாது. உருப்பெருக்கத்தைக் கூட்டிக் காட்சியை மேலும் மங்கச் செய்யும். மரத்தூள் பலகையாலான அடித்தட்டு எங்கள் ஊர் ஈரப்பதத்தில் ஆறு மாதத்திலேயே ஓரங்களில் உப்பிவிட்டது. கடைக்காரர் அதை உத்தரவாதத்தில் சேர்க்க மறுத்தார். குழாயும் அடித்தட்டும் சேர்ந்து கனமாக இருப்பதால், தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல என் தம்பி மகன் துணைக்கு வர வேண்டியிருந்தது. இருந்தபோதிலும் ஒளியைத் திரட்டும் ஆடியின் தரத்தில் எனக்கு நிறைவே. வாங்குவோர் முதல் நாளிலேயே பலகையின் வெட்டு ஓரங்களுக்கு வார்னிஷ் பூசிவிட வேண்டும். சென்டாரஸ் ஏயைப் பார்க்க ஏப்ரல் இறுதிக்குள் வாங்கிவிடுவது நல்லது.