கைக்குழந்தையோடு சுவிஸ் ரயில் பயணம்: இரண்டு வருட அனுபவம்

போன ஜூன் மாதம் கோயம்புத்தூரிலிருந்து தம்பி குடும்பம் எங்களைப் பார்க்க வந்தது. எட்டு மாதக் குழந்தை, என் மருமகன். கையில் ஐந்து நாள். ஒரு மாதம் முன்பே தம்பி எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தான்: ரைன் அருவி, லூசெர்ன், டிட்லிஸ், யுங்ஃப்ராயோஹ், செர்மாட், கடைசி நாள் ஜெனீவா. அதில் பாதிக்கு மேல் நான் அடித்துவிட்டேன். "இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு எதையும் பாக்காம போறதாக்கா?" என்று கேட்டான். அவன் வருத்தம் எனக்குப் புரிந்தது. முதல் வருடம் நானும் அப்படித்தான் திட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாங்கள் சூரிக்கில் இருக்கிறோம், கார் கிடையாது. மகளுக்கு நாலு மாதம் ஆனபோது தொடங்கி, இப்போது அவளுக்கு இரண்டரை வயது ஆகிறவரை, மாதம் ஒரு முறையாவது அவளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியிருக்கிறோம். இத்தனை பயணங்களுக்குப் பிறகு ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஸ்ட்ரோலர் சக்கரம் தடங்கல் இல்லாமல் போகுமா? பிள்ளை தூங்கும் நேரத்துக்கு வழி ஒத்துவருமா?

தம்பிக்கு நான் போட்டுக் கொடுத்தது இதுதான். சூரிக் விமான நிலையத்திலிருந்து நேரே லூசெர்ன், அங்கே இரண்டு இரவு. பிறகு லவுட்டர்புருன்னன், அங்கே இரண்டு இரவு. கடைசி நாள் பெர்ன் வழியாக விமான நிலையம். தினமும் பெட்டி கட்டி அவிழ்க்கிற வேலை இல்லை.

விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. லூசெர்னுக்கு மணிக்கு ஒரு நேரடி வண்டி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சூரிக் பெரிய நிலையத்தில் மாறினால் கால் மணி மிச்சமாகலாம், ஆனால் மாறாதீர்கள். அங்கே தரைமட்டத்தில் ஒரு வரிசை நடைமேடைகள், நிலத்துக்கடியில் 31 முதல் 34 வரை, 41 முதல் 44 வரை என்று இன்னும் இரண்டு தொகுதிகள். ஏழு நிமிட இணைப்பு தனியாளுக்குத் தாராளம். ஸ்ட்ரோலரோடு லிஃப்டைத் தேடி, அது வரும்வரை நின்று, மேலே ஏறி இன்னொரு லிஃப்டில் இறங்குவதற்குள் வண்டி போய்விடும். சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலி காட்டும் இணைப்பு நேரம் சரிதான், ஆனால் அது நடந்து போகிறவர்களுக்கு. இணைப்புக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அதிலேயே கூட்டி வைத்துக்கொள்ளலாம். நான் பதினைந்து நிமிடம் வைத்திருக்கிறேன்.

லூசெர்னை நான் விரும்பிச் சொல்வதற்குக் காரணம் அந்த நிலையத்தின் அமைப்பு. தண்டவாளம் அங்கேயே முடிகிறது. அதனால் நடைமேடையிலிருந்து தெருவரை ஒரு படி கூட இல்லாமல் தள்ளிக்கொண்டே வரலாம். வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை. படகில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் விட்ஸ்நாவ். இறங்கிய இடத்துக்கு எதிரில் ரீகி மலை ரயில். 1871இல் ஓடத் தொடங்கிய ரயில் அது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். உச்சி 1,798 மீட்டர்.

பனிமலை மேலே ரயிலிலேயே போய்ச் சேருகிற யுங்ஃப்ராயோஹ் பற்றித்தான் தம்பிக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. அந்த நிலையம் 3,454 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மகளுக்கு ஏழு மாதமாக இருந்தபோது எங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டேன். அவ்வளவு உயரத்துக்கு இவ்வளவு வேகமாக ஏற்ற வேண்டாம், தலைவலித்தாலும் மூச்சுமுட்டினாலும் அவளால் சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நீங்கள் உங்கள் மருத்துவரைக் கேட்டு முடிவெடுங்கள். ரீகியில் புல்வெளி, மாட்டு மணிச் சத்தம், சுற்றிலும் ஏரிகள், எட்ட நின்று பார்க்க அதே பனிமலைகள். ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து வாங்குகிற சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் படகுக்கும் ரீகிக்கும் தனியாகப் பணம் இல்லை. யுங்ஃப்ராயோஹுக்கு அந்தப் பாஸில் தள்ளுபடி மட்டும்தான்.

டிக்கெட் விஷயம். ஆறு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை பெற்றோரோடு போனால் இலவசம், ஸ்ட்ரோலருக்கும் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கு மலிவாக ஒரு டிக்கெட் உண்டு, குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் செல்லுபடியாகிற சேமிப்பு டிக்கெட். அதை வாங்காதீர்கள். நாங்கள் இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் வீணானது. கிளம்பும் நேரத்தில் மகள் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பாள், அல்லது டயப்பர் நிறைந்திருக்கும். பாஸ் என்றால் அடுத்த வண்டிக்குப் போய்க்கொள்ளலாம். முன்கூட்டியே வாங்கினால் விலை குறைகிற ஒரு நாள் பாஸும் உண்டு, அதிலும் எந்த வண்டி என்ற கட்டு இல்லை. பாஸில் காசு மிச்சமா என்று கணக்குப் பார்க்கிறவர்கள், வண்டியைத் தவறவிடும் சுதந்திரத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லூசெர்னிலிருந்து இன்டர்லாக்கன் போகும் வண்டிக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். குழந்தையின் காலைத் தூக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியை நான் இந்த நாட்டில் பார்க்கவில்லை. நிதானமாகப் போகும். ப்ரூனிக் கணவாயில் பற்சக்கரத்தின் பிடியில் ஏறும்போது லேசான அதிர்வு, தொட்டில் மாதிரி. வலப்பக்கம் உட்காருங்கள். சார்னன், லுங்கர்ன் ஏரிகள் அந்தப் பக்கம்தான். மைரிங்கனில் வண்டி திசை மாறும். அதனால் பிரீன்ஸ் ஏரியும் அதே ஜன்னலுக்கே வரும். இறக்கத்தில் காது அடைக்கும். பால் கொடுங்கள், விழுங்கும்போது சரியாகிவிடும்.

லவுட்டர்புருன்னனுக்கு வண்டி மாறும் இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்தில் ஒரு எச்சரிக்கை. அங்கிருந்து கிளம்பும் வண்டி ஸ்வைலுட்ஷினன் என்ற இடத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி லவுட்டர்புருன்னனுக்கு, மறு பாதி கிரின்டல்வால்டுக்கு. எங்கள் முதல் பயணத்தில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்பக் கூடாதே என்று பக்கத்தில் இருந்த பெட்டியில் ஏறிவிட்டோம். பிரிந்து போனது தெரியவில்லை. அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி வர ஒரு மணி நேரம் போனது. நடுவில் அவளுக்குப் பசி, எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்டியின் மேல் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

லவுட்டர்புருன்னனில் செங்குத்தான இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே சமதளமான பள்ளத்தாக்கு. நிலையத்திலிருந்து நடந்தே ஷ்டவ்பாஹ் அருவிக்குப் போய்விடலாம். ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் பாதியிலேயே புகையாகக் கலைந்துவிடும். மருமகன் அதைப் பார்த்துக் கையை நீட்டினான், அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். டிரும்மல்பாஹ் அருவி மலைக்குள்ளே இருக்கிறது. நாலு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை உள்ளே விட மாட்டார்கள், போய் ஏமாந்து திரும்பாதீர்கள். இன்னொரு நாள் வெங்கன் போகலாம். கார்கள் இல்லாத ஊர், ஸ்ட்ரோலரை நிம்மதியாகத் தள்ளலாம்.

தங்குமிடத்தில் ஒருமுறை ஏமாந்தோம். படத்தில் அழகாக இருந்த விடுதியில் அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. இப்போதெல்லாம் லிஃப்ட், சமையலறை, நிலையத்திலிருந்து நடக்கும் தூரம், இந்த மூன்றையும் எழுதிக் கேட்ட பிறகுதான் பதிவு செய்கிறேன். சமையலறை இருந்தால் கேழ்வரகுக் கூழ், பருப்புச் சாதம் எல்லாம் ஊரில் கொடுப்பது மாதிரியே கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள் திறந்திருக்கும், டயப்பரும் பால் மாவும் அங்கே கிடைக்கும். ஃபிளாஸ்கில் வெந்நீர் எப்போதும் என் பையில் இருக்கும்.

குடும்பப் பெட்டி பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். இரட்டைத்தட்டு நெடுந்தூர வண்டிகள் சிலவற்றில் மேல்தட்டில் சறுக்குமரத்தோடு விளையாட்டு இடம் உண்டு. செயலியில் ‘எஃப்ஏ’ என்று குறித்திருக்கும். ‘எஃப்இசட்’ என்று இருந்தால் குடும்பங்களுக்கான இடம் மட்டும்தான், சறுக்குமரம் கிடையாது. எட்டு மாதக் குழந்தைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. ஸ்ட்ரோலரைக் கீழே விட்டுவிட்டுப் படி ஏற வேண்டும். நடக்கத் தொடங்கிய பிறகு அதே பெட்டி வரம். என் மகள் இப்போது நடைமேடையிலேயே அந்தப் பெட்டியைத் தேடுகிறாள்.

கடைசி நாள் பெர்ன். மழை பெய்தது. பழைய நகரத்தின் கூரையிட்ட நடைபாதைகள் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் நீளம், அதனால் பெரிதாக நனையவில்லை. பிறகு ஐரோப்பாபிளாட்ஸில் பல சமயங்களுக்கும் ஒரே கூரையில் இடம் கொடுத்திருக்கும் சமயங்களின் இல்லத்துக்குப் போனோம். அங்கே ஈழத்தமிழர்கள் கட்டியெழுப்பிய சைவக் கோயில் இருக்கிறது, வழிபாடு தமிழில். தம்பி மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். "ஊர்ல இருக்கற மாதிரியே இருக்கு அண்ணி" என்றாள்.

பெர்ன் நிலையத்துக்குத் திரும்பியபோது விமான நிலைய வண்டி கிளம்ப ஆறு நிமிடம் இருந்தது. மருமகன் அப்போதுதான் பால் குடிக்கத் தொடங்கியிருந்தான். நான் பையைத் தூக்கினேன். தம்பி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்குக்கா, அரை மணியில அடுத்தது வரும், இதை விட்டுடலாம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.